தடைக்கும் ஒரு தடை

பழ ஈயின் ஒரு சிறகு சுமார் 50 செல்களில் தொடங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழுவின் உடலுக்குள் அந்தச் செல்கள் ஒரு சிறு பைபோல மடிந்து கிடக்கும். அதற்குச் சிறகுத் தட்டு என்று பெயர். புழு தின்று கொழுக்கும் நான்கைந்து நாட்களில் அந்த 50 ஏறத்தாழ 50,000 ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50ஐப் பத்து முறை இரட்டித்தால் 51,200. ஒரு சுற்று குறைந்தால் பாதிச் சிறகுதான் மிஞ்சும். ஒரு சுற்று கூடினால் ஈ தன் சிறகைத் தானே சுமக்க முடியாது. இத்தனைக்கும் இடப்பக்கத் தட்டும் வலப்பக்கத் தட்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. இரண்டும் தனித்தனியாக வளர்ந்து, ஒரே அளவில் வந்து நிற்கின்றன.

வளரச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உணவும் இடமும் இருந்தால் செல் வளரும், பிரியும். போதும் என்று நிற்பதுதான் வித்தை. அந்த வித்தை பிசகும் இடத்தில் கட்டி உருவாகிறது. இருபதுக்குச் சற்றே கூடுதலான எழுத்துகள் கொண்ட, எந்தப் புரதத்தையும் உருவாக்காத ஆர்.என்.ஏ. துணுக்குகளுக்கு இதில் என்ன வேலை என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஈக்கும் கட்டி வரும்

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் அந்தச் சிவந்த கண் பூச்சியை ஆய்வுக்கூடத்துக்குள் நிலையாகக் குடியேற்றியவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹன்ட் மார்கன். 1910இல் அவருடைய கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றில் வெள்ளைக் கண் ஈ ஒன்று தோன்றியது. மரபணுக்கள் குரோமோசோம்களில் அமர்ந்திருக்கின்றன என்ற உண்மை அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. முட்டையிலிருந்து முழு ஈ வரை பத்தே நாள் என்பதால், ஓர் ஆராய்ச்சி மாணவர் ஒரே ஆண்டில் முப்பது தலைமுறைகளைப் பார்த்துவிடலாம்.

மார்கனின் ஆய்வுக் கூட்டத்தில் இருந்த மேரி ஸ்டார்க், சில ஈப்புழுக்களின் உடலில் கறுத்த கட்டிகள் இருப்பதையும் அவை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவதையும் 1918இல் எழுதினார். இன்னும் தெளிவான சான்று பிறகு வந்தது. 1930களில் கால்வின் பிரிட்ஜஸ் கண்டெடுத்த ஒரு மரபணுப் பழுது, புழுக்களைக் கூட்டுப்புழு ஆகவிடாமல் ஊதிப் பெருக்கிக் கொன்றது. அந்தப் புழுக்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்த எலிசபெத் காட்டெஃப், அவற்றின் மூளையும் சிறகுத் தட்டுகளும் உண்மையான புற்றுக் கட்டிகள் என்று நிறுவினார். கட்டியின் ஒரு துண்டை நல்ல ஈயின் வயிற்றில் பதித்தால் அது அங்கேயும் வளர்ந்து, பரவி, அந்த ஈயைக் கொன்றது. ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் புற்று வருகிறது என்றால், அந்த மரபணுவின் இயல்பான வேலை புற்றைத் தடுப்பதாகத்தான் இருக்க வேண்டும். அத்தகைய புற்றுத்தடுப்பு மரபணுக்களில் முதன்முதலில் அறியப்பட்டது இந்த ஈயினுடையதுதான்.

அந்தக் காலத்தில் மரபணு என்றால் புரதம் என்று பொருள். டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ. நகலெடுக்கப்படும், அதைப் படித்துப் புரதம் கோக்கப்படும். இந்த வரிசையில் சேராத ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் குப்பை என்றே ஒதுக்கினார்கள்.

கொண்டை ஊசிக்குள் ஒளிந்த செய்தி

1993இல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ் குழு, ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு ஒன்றில் லின்-4 என்ற மரபணுவைத் தேடிப் பிடித்தது. புழு எந்த வயதில் எந்தச் செல்லை உண்டாக்க வேண்டும் என்று நேரம் குறிக்கும் மரபணு அது. பிடித்தபின் பார்த்தால் அதில் புரதத்துக்கான குறிப்பே இல்லை. கிடைத்தது 22 எழுத்து நீள ஆர்.என்.ஏ. ஒன்றுதான். கேரி ருவ்குன் குழு அதே ஆண்டில் மறுபாதியைச் சொன்னது: அந்தத் துணுக்கு லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கிறது.

ஒரு புழுவின் விநோதம் என்று அது ஒதுக்கப்பட்டது. 2000இல் ருவ்குன் குழு கண்ட லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கு, ஈயிலும் மனிதரிலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. பிறகு யாரும் ஒதுக்கவில்லை. 2001இல் இந்தக் கூட்டத்துக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் வைக்கப்பட்டது. ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இது உருவாகும் விதம் எளிது. முதலில் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி தன்மேலேயே மடங்கி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போல நிற்கும். செல்லின் உட்கருவுக்குள் டிரோஷா என்ற நொதி அந்த வளைவை மட்டும் வெட்டி எடுக்கும். வெளியே வந்ததும் டைசர்-1 அதன் தலையை நறுக்கும். மிஞ்சும் இரட்டை இழையில் ஒன்றை ஆர்கோனாட்-1 என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். அந்த இழையின் 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்து வரையிலான பகுதிதான் முகவரி. அதற்குப் பொருந்தும் எழுத்து வரிசை எந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் இருக்கிறதோ, அங்கே ஆர்கோனாட் போய் அமரும். அந்தத் தூது சிதையும், அல்லது அதிலிருந்து கிடைக்கும் புரதம் குறையும்.

இரண்டு விஷயங்களை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். ஏழு எழுத்து முகவரி என்பதால் ஒரே துணுக்கு பல வீடுகளில் நுழையும். நுழைந்த இடத்தில் பெரும்பாலும் விளக்கை அணைக்காது. மின்விசிறி ரெகுலேட்டரைப் போல வேகத்தைக் குறைக்கும்.

புரதம் இல்லாத மரபணு

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் கோஹன் குழு, திசு வளர்ச்சியைக் கூட்டும் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஈயின் குரோமோசோமில் அங்கங்கே ஒரு செயற்கைச் சுவிட்சைச் செருகி, அருகில் இருக்கும் மரபணுவை அளவுக்கு மீறி ஓடவிட்டு, எந்த ஈக்குச் சிறகு பெருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வழி. ஓரிடத்தில் செருகியபோது திசு பெருத்தது. அதே இடத்தை நீக்கினால் ஈ சிறுத்தது. முழுமையாக நீக்கினால் சிறகுத் தட்டுகள் வளராமல், கூட்டுப்புழுவாகும் தறுவாயில் இறந்தது. ஜாவாத் தீவின் துறைமுகப் பெயரால் அழைக்கப்படும் ஒரு குட்டைச் சாதிக் கோழி உண்டு. குத்துச்சண்டையின் பேன்டம் வெயிட் பிரிவுக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான். இல்லாவிட்டால் ஈ சிறுத்துப்போகும் இந்த மரபணுவுக்கும் பேன்டம் என்று பெயர் வைத்து, 2002இல் வெளியிட்டார்கள்.

அந்த இடத்தில் எந்தப் புரதம் இருக்கிறது என்று தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கொண்டை ஊசி மட்டும் இருந்தது. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவிலும் அதே ஊசி இருக்கிறது. ஈக்கும் கொசுவுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு காலம் ஓர் எழுத்து வரிசை மாறாமல் நிற்கிறதென்றால் அதற்கு வேலை இருக்கிறது. பேன்டம் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதை யூலியஸ் பிரெனெக்கேயும் டேவிட் ஹிப்ஃப்னரும் சக ஆய்வாளர்களும் 2003இல் அறிவித்தார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் 1998இல் நடந்த ஒரு சோதனையை நினைவுகூர வேண்டும். சிறகுத் தட்டின் ஒரு பகுதியில் செல்கள் வேகமாகப் பிரியும்படி மட்டும் செய்து பார்த்தார்கள். செல்களின் எண்ணிக்கை கூடியது, சிறகு பெருக்கவில்லை. ஒவ்வொரு செல்லும் சிறுத்துவிட்டது. மாவு அதே அளவு, இட்லி மட்டும் சின்னதாக நிறைய. பிரிதல் வேறு, வளர்தல் வேறு என்று அது காட்டியது. பேன்டம் அப்படியல்ல. அது கூடினால் செல்களும் கூடுகின்றன, ஒவ்வொரு செல்லும் வழக்கமான அளவிலேயே இருக்கிறது, திசு மொத்தமாகப் பெருக்கிறது. மாவையும் சேர்த்தே கூட்டுகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. பிரியும் வேகம் முறைதவறிக் கூடினால் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்வது வழக்கம். உடல் வைத்திருக்கும் நல்ல பாதுகாப்பு அது. ஈயில் அந்தத் தற்கொலையைத் தொடங்கிவைக்கும் புரதங்களில் ஒன்று ஹிட். ஹிட்டின் தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் பேன்டத்துக்கான முகவரி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பேன்டம் அங்கே அமர்ந்து ஹிட்டைக் குறைக்கிறது. சாக வேண்டிய செல் பிழைக்கிறது.

தனக்கென ஒரு புரதமும் இல்லாத துணுக்கு வளர்ச்சியை இப்படித்தான் தூண்டுகிறது. அது எதையும் முடுக்குவதில்லை. வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கும் காவலர்களைத் தூங்கவைக்கிறது.

எங்கே தூங்கவைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் அந்தக் குழு ஒரு வழி செய்தது. பச்சையாக ஒளிரும் புரதத்தின் தூதில் பேன்டத்தின் முகவரியை எழுதி ஈக்குள் வைத்தார்கள். பேன்டம் இருக்கும் செல்லில் பச்சை மங்கும், இல்லாத செல்லில் ஒளிரும். சிறகின் விளிம்பாகப் போகும் கோட்டில், பிரிவதை நிறுத்திவிட்ட செல்களின் வரிசை மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது.

நீர்யானையும் குட்டி நாயும்

பேன்டத்துக்கு யார் உத்தரவிடுகிறார்கள்? இதற்குப் பதில் வேறொரு தேடலிலிருந்து வந்தது. 1995இல் வார்ட்ஸ் என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால் ஈயின் உடலில் மரு போலத் திசு புடைக்கும். 2003இல் பல ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இன்னொன்றைக் கண்டன. அது பழுதான ஈயின் தலை, மடிப்பு மடிப்பாக நீர்யானைத் தோல்போல ஆகிவிட்டதால் ஹிப்போ என்று பெயர். இவை தொடர்வண்டிப் பெட்டிகள் போல ஒன்றையொன்று இயக்கும் ஒரு வரிசை. அந்த வரிசையின் கடைசியில் எது இருக்கிறது என்பதை 2005இல் டுவோஜியா பான் குழு கண்டுபிடித்தது. அது இல்லாவிட்டால் திசு சிறுத்துவிடுவதால், யார்க்‌ஷயர் டெரியர் என்ற குட்டி நாயின் செல்லப்பெயரைச் சூட்டி யார்க்கி என்றார்கள்.

யார்க்கி உட்கருவுக்குள் போனால் வளர்ச்சி மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ஹிப்போ வரிசை யார்க்கியை உட்கருவுக்கு வெளியிலேயே கட்டிவைக்கிறது. அடுத்த ஆண்டு, 2006இல், பாரி தாம்சனும் கோஹனும் ஒருபுறம், ஜார்ஜ் ஹால்டர் குழு மறுபுறம், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: யார்க்கி எழுப்பும் மரபணுக்களில் ஒன்று பேன்டம். பேன்டத்தை எடுத்துவிட்டால் யார்க்கியால் திசுவை முன்போலப் பெருக்கவைக்க முடிவதில்லை.

இந்த வரிசை அப்படியே நம் உடலிலும் இருக்கிறது. நம்மிடம் யார்க்கிக்குப் பெயர் யாப். எலியின் கல்லீரலில் யாப்பை அளவுக்கு மீறி இயக்கியபோது கல்லீரல் பல மடங்கு பெருத்தது; தொடர்ந்து இயக்கியபோது புற்று வந்தது. ஆனால் பேன்டம் மனிதரிடம் இல்லை. யாப்புக்கு வேறு கீழாட்கள் இருக்கிறார்கள்.

தடையின் மேல் தடை, அதன் மேல் இன்னொன்று

பேன்டம் காவலர்களைத் தூங்கவைக்கிறது என்றால், பேன்டத்தைத் தூங்கவைப்பவர் யார்? ஈயின் சூலகத்தில் ஒரு பதில் இருக்கிறது. முட்டைக்கு ஆதாரமான குருத்துச் செல் பிரியும்போது ஒரு மகள் குருத்தாகவே நிற்கும். மற்றவள் சில சுற்றுகள் பிரிந்து, நின்று, முட்டையாக உருவாகத் தொடங்குவாள். அவளை நிற்கச் சொல்வது மெய்-பி26 என்ற புரதம். வியன்னாவில் யூர்கன் நோப்லிக் குழு 2008இல் கண்டது இது: மெய்-பி26 ஆர்கோனாட்-1ஐப் பிடித்துக்கொண்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் வேலையையே மந்தமாக்குகிறது. பேன்டமும் அதில் அடங்கும். மெய்-பி26 இல்லாத ஈயில் அந்த மகள் செல்கள் நிற்கத் தெரியாமல் பிரிந்து சூலகத்தில் கட்டி உண்டாகிறது.

நிறுத்தும் நேரத்தைக் குறிக்கும் துணுக்கும் உண்டு. உருளைப்புழுவில் கிடைத்த அதே லெட்-7, ஈயில் புழுப்பருவம் முடிந்து உருமாற்றம் தொடங்கும் வேளையில் பெருகுகிறது. அது இல்லாத ஈயில் சிறகுச் செல்கள் பிரிவதை உரிய நேரத்தில் நிறுத்துவதில்லை என்று எலிசபெத் கேகிலும் லாரா ஜான்ஸ்டனும் 2008இல் காட்டினார்கள். மனிதரில் லெட்-7 குறைந்தால் ராஸ் என்ற, புற்றுநோய்களில் அடிக்கடி கெட்டுப்போகும் மரபணுவின் புரதம் கூடுகிறது என்பது 2005இலேயே தெரிந்திருந்தது. ஆக, மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லாம் வளர்ச்சியின் பக்கம் என்று எண்ணக் கூடாது. யாரைத் தூங்கவைக்கிறது என்பதைப் பொறுத்து அதே வகைத் துணுக்கு ஓரிடத்தில் முடுக்கி, ஓரிடத்தில் நிறுத்தி.

திசுவுக்குத் திசுவும் வேலை மாறும். மிர்-8 என்ற துணுக்கு ஈயின் கொழுப்புத் திசுவில் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் இன்சுலின் செய்தி மங்கி, கொழுப்புத் திசு மட்டுமல்லாமல் முழு ஈயே சிறுத்துப் பிறக்கிறது என்று சியோலில் நாரி கிம் குழு 2009இல் கண்டது. பேன்டமே தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோனைச் சுரக்கும் சுரப்பியில் இருக்கும்போது அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. அந்த ஹார்மோன் குறைந்தால் புழுவின் உடல் கூடுதலாக வளர்கிறது. சிறகில் உள்ளூர் வளர்ச்சியைக் கவனிக்கும் அதே துணுக்கு, சுரப்பியில் உட்கார்ந்து உடல் முழுவதன் அளவிலும் கைவைக்கிறது.

இருவர் கைகோக்கும்போது

பேன்டம் மிகுந்தால் புற்று வருமா? வருவதில்லை. திசு பெருக்கும், மடிப்பு விழும். ஆனால் செல்கள் வரிசை குலையாமல், தத்தம் இடத்தில் இருக்கும். பெரிய வீடு, அவ்வளவுதான். மனிதப் புற்றுகளில் அடிக்கடி மிகைப்படும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி ஏற்பியை ஈயின் சிறகுத் தட்டில் மட்டும் கூட்டினாலும் அதே கதைதான்.

ஹெக்டர் ஹெரான்ஸும் கோஹனும் சக ஆய்வாளர்களும் இரண்டையும் ஒரே தட்டில் கூட்டிப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவு, தனித்தனிச் சோதனைகளைப் பார்த்தவர்கள் எதிர்பார்க்காதது. செல்கள் வரிசையை விட்டன, பக்கத்துத் திசுவுக்குள் புகுந்தன, உடலின் வேறு இடங்களில் போய்க் குடியேறின. அது முழுமையான புற்று.

காரணம் ஹிட் மட்டும் அல்ல. தற்கொலையைத் தடுப்பதால் மட்டும் இவ்வளவு நடக்காது. பேன்டம் நுழையும் வீடுகளில் இன்னொன்று சாக்ஸ்36இ என்று தெரிந்தது. வளர்ச்சிச் செய்தி மிகுந்தால் அதை மட்டுப்படுத்தும் புரதம் அது. இ.ஜி.எஃப்.ஆர். செய்தியைக் கூட்டுகிறது, பேன்டம் அந்தச் செய்திக்கு இருந்த கடிவாளத்தை அறுக்கிறது. பேன்டத்தை விட்டுவிட்டு, சாக்ஸ்36இ-யை மட்டும் குறைத்து இ.ஜி.எஃப்.ஆர்.-ஐக் கூட்டினாலும் புற்று வந்தது. இதன் மனித உறவினரான சாக்ஸ்5, வளர்ப்புச் செல்களில் அதேபோலக் கடிவாளமாக வேலை செய்கிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். மனித உடலில் எந்தக் காவலரைத் தேட வேண்டும் என்று ஈயின் துணுக்கு விரல் நீட்டியது.

சிறு ஆர்.என்.ஏ.க்களில் இன்னொரு குடும்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பிவி ஆர்.என்.ஏ. எனப்படும் சற்றே நீளமான துணுக்குகள் முட்டையையும் விந்தையும் உருவாக்கும் செல்களில் தங்கி, குரோமோசோமில் தாவித் திரியும் டி.என்.ஏ.க்களை அடக்குகின்றன. பார்சிலோனாவில் காயெதானோ கோன்சாலெஸ் குழு 2010இல் ஒரு வகை ஈ மூளைக் கட்டியை ஆராய்ந்தபோது, சூலகத்திலும் விரையிலும் மட்டும் விழித்திருக்க வேண்டிய மரபணுக்கள் மூளையில் விழித்திருந்தன. அந்தத் துணுக்குகளுக்குப் பெயர் தந்த பிவி மரபணுவும் அவற்றில் ஒன்று. அதை அணைத்ததும் கட்டியின் வளர்ச்சி அடங்கியது. நல்ல வேலைக்காரனே இடம் மாறி உட்கார்ந்தால் கேடு செய்கிறான்.

ஊசியில் ஏற்றுவதற்கு முன்

மனிதப் புற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பங்கு 2002இலேயே தெரியவந்தது. கார்லோ குரோச்சே குழு, நாள்பட்ட ஒரு ரத்தப் புற்றில் அடிக்கடி தொலைந்துபோகும் குரோமோசோம் துண்டில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருந்ததைக் கண்டது. தொலைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் நோய் அடங்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வளர்ந்தது. கட்டிகளை அடக்குவதாக அறியப்பட்ட மிர்-34இன் செயற்கை வடிவம் நோயாளிகளுக்கு ஊசியாகவே செலுத்தப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் கடுமையான பக்கவிளைவுகள் தோன்றியதால் அந்தச் சோதனை 2016இல் நிறுத்தப்பட்டது.

ஈயைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. ஏழு எழுத்து முகவரியோடு உடலுக்குள் போகும் துணுக்கு, நாம் குறித்த வீட்டுக்கு மட்டும் போகாது. சிறகில் காவலரைத் தூங்கவைப்பது சுரப்பியில் ஹார்மோனைக் குறைக்கும். தனியாக இருக்கும்போது திசுவை வெறுமனே பெருக்கவைப்பது, துணை கிடைத்தால் புற்றாக்கும். பேன்டத்தின் முதல் இலக்கான ஹிட் 2003இல் தெரிந்தது. புற்றுக்கு வழிவிடும் சாக்ஸ்36இ தெரிய மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் அது பத்து நாளில் தலைமுறை மாறும் பூச்சி, ஒரே துணுக்கு. மனிதரின் உடலில் நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மருந்தென்று ஊசியில் ஏற்றும் முன், அது எந்தெந்த வீட்டுக் காவலரைத் தூங்கவைக்கும் என்ற பட்டியல் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதும் முறையைக் கற்றுத்தந்தது ஈயின் சிறகுத் தட்டு.